பழைய ஓக்குப் பீப்பாவைப் பண்படுத்தல்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, எதனைப் பொருளாகக் கொள்வது என்று நாம் சில நாள் மயங்கியிருந்தோம். சமயமும் இலக்கியமும் வரலாறும் பற்றி எழுத வல்லார் நம் பழைய மாணவருட் பலர் உளர். நாம் கற்றது இரசாயனவியல். பின்னர்ப் பிறருக்குக் கற்பித்ததும் அதுவே. கல்லூரி ஆய்வுகூடத்திற் சோதனைக் குழாயிலே கண்ட உண்மைகளை, சபரகமுவ மாகாணத்துத் தோட்டப்புற மக்களின் முற்றத்திலும் அடுக்களையிலும் மீண்டும் காணக் கிடைத்ததே எமது தொழில் வாழ்வின் பேறு. ஆதலின், கித்துல்கலவில் ஒருநாள் எம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியையும், அதற்கு நாம் கூறிய விடையையும் இங்கே விரித்தெழுதத் துணிந்தோம்.

பயன்படுத்திக் கழித்த ஓக்குப் பீப்பா ஒன்றைச் சாராயம் முதிர்விப்பதற்கு ஏற்றவாறு பண்படுத்துவது எங்ஙனம் என்பதே அக்கேள்வி. இந்துக் கல்லூரி மலரிலே சாராயப் பீப்பாவுக்கு என்ன வேலை என்று புருவம் நெரிக்கும் அன்பர்கள், கட்டுரையை இறுதிவரை படித்தருளுமாறு வேண்டுகின்றோம்.

கித்துல்கலவில் நிகழ்ந்தது

அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கிச் செல்லும் பெருவீதியில், களனி கங்கையின் கரையிலே அமைந்த சிற்றூர் கித்துல்கல. 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்கு வேண்டிய பாலத்தை இவ்வாற்றின் மீதே அமைத்துப் படம் பிடித்தனர். அதனால் உலகம் இவ்வூரை அறியும். ஊரின் பெயரிலேயே நிற்பது கித்துல் மரம். தமிழில் அதனைக் கூந்தற்பனை என்பர். தாவரநூலார் அதற்கு இட்ட பெயர் கரியோட்டா யூரென்சு. ‘யூரென்சு’ என்றால் எரிப்பது என்று பொருள். பழத்திலுள்ள கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் தோலில் எரிச்சலை உண்டாக்குதலின் அப்பெயர் வந்தது. பழம் தொட்டால் எரியும் இம்மரமே, பாளையைச் சீவினால் தேனனைய இன்சாற்றைத் தருகின்றது. அச்சாற்றைக் காய்ச்சினாற் பாணி; மேலும் இறுக்கினாற் கருப்பட்டி; காய்ச்சாது விட்டாற் சில மணி நேரத்திற் கள்.

இவ்வூரின் அயலிலே, தோட்டத்திற் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சிறு காணி வாங்கிக் குடியிருந்தார். காணியிலே கித்துல் மரங்கள் சில நின்றன. அவர் கொழும்பிலிருந்து பழைய ஓக்குப் பீப்பா ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். முன்னர் மேனாட்டு விஸ்கி இருந்த பீப்பா அது. இரவிலே அதன் உட்புறத்தைப் பார்க்க விரும்பி, வாய்த்துவாரத்தின் அருகே மெழுகுதிரியைப் பிடித்திருக்கிறார். ‘பக்’கென்ற ஓசையுடன் நீலச்சுடர் ஒன்று துவாரத்தினின்றும் பாய்ந்து அவருடைய புருவத்தையும் முன்மயிரையும் பொசுக்கிவிட்டது. கண்கள் தப்பியது தெய்வச் செயல்.

மறுநாள் நாம் அவரைக் காணச் சென்றபோது, “ஐயா, வெறும் பீப்பா எப்படி எரியும்?” என்று கேட்டார். அதற்குப் பின்னரே தம் மனத்திலிருந்த பெரிய கேள்வியை வெளியிட்டார். அவருடைய தமையனார் பல ஆண்டுகளுக்கு முன்னர்க் கசிப்பு அருந்திப் பார்வை இழந்து, சில நாளில் மாண்டவர். ‘கடையிலும் காட்டிலும் விற்பதை நம்ப முடியாது, என் மரத்துக் கள்ளை நானே வடித்து, நல்ல பீப்பாவிலே சில ஆண்டு வைத்தால் நஞ்செல்லாம் மரத்தோடு போய்விடும்’ என்பது அவருடைய எண்ணம். இந்த எண்ணத்திலே ஒரு பாதி உண்மை. மறுபாதி உயிருக்கே கேடானது. எப்பாதி எது என்று காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சாராயம் மரத்தை நாடுவது ஏன்?

புதிதாக வடித்த சாராயம் நிறமற்றது. காரமும் கந்தக நாற்றமும் உடையது. அதனைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துப் பத்தாண்டு வைத்தாலும் பெரிதும் மாறாது. மரத்திலே வைத்தால் மாறும். அம்மாற்றம் மூன்று வழியாக நிகழ்கின்றது.

முதலாவது, மரம் கொடுக்கின்றது. மரத்தின் உடலிலே செலுலோசு, அரைச்செலுலோசு, இலிக்னின், தனின் என்பன உள. மரத்தைத் தீயில் வாட்டும்போது அரைச்செலுலோசு சிதைந்து, கருகிய சீனியின் மணமும் நிறமும் உண்டாகும். இலிக்னின் சிதைந்து வனிலின் பிறக்கும். நாம் பலகாரத்தில் இடும் வனிலாவின் மணப்பொருளும் இதுவே. ஓக்கு மரத்திலே இலாக்டோன் எனப்படும் பொருள்களும் உள. அவற்றின் மணம் தேங்காயின் மணத்தை ஒத்தது.

இரண்டாவது, மரம் எடுக்கின்றது. உட்புறத்திலே கரியாக்கப்பட்ட படலம், வடிகட்டிக் கரியைப்போலக் கந்தகச் சேர்வைகள் சிலவற்றைப் பற்றிக்கொள்ளும். பெரியவர் நம்பியதன் உண்மைப் பாதி இதுவே.

மூன்றாவது, மரம் மூச்சு விடுகின்றது. மரத்தின் நுண்ணிய துளைகள் வழியே ஒட்சிசன் மெல்ல உட்புகும். நீரும் அற்ககோலும் ஆவியாகி மெல்ல வெளியேறும். உட்புகுந்த ஒட்சிசன் காரமான பொருள்களை வேறு பொருள்களாக மாற்றுகின்றது.

ஓக்கும் சாவண்டலையும்

மரங்கள் ஆயிரமிருக்க மேனாட்டார் ஓக்கையே தேர்ந்தது ஏன்? ஒரு பொருளை மணமூட்டினால் மட்டும் போதாது. ஒழுகாமலும் வைத்திருத்தல் வேண்டும். அமெரிக்க வெள்ளை ஓக்கின் நீர்க்குழாய்கள், மரம் முதிரும்போது உள்ளே வளரும் மென்படலங்களால் அடைபட்டுவிடுகின்றன. செவ்வோக்கில் இவ்வடைப்பு இல்லை. செவ்வோக்குத் துண்டொன்றின் ஒரு முனையில் வாயை வைத்து ஊதினால் மறு முனையிற் காற்று வெளிவரும். இரண்டும் ஓரினத்து மரங்களே. ஆயினும் பீப்பாவுக்கு ஆகும் மரம் ஒன்றே.

அமெரிக்க நாட்டிலே பேர்பன் என்னும் விஸ்கியைப் புதிதாகச் செய்து கரியிட்ட ஓக்குப் பாத்திரத்திலேயே முதிர்வித்தல் வேண்டுமென்பது விதி. ஆகவே ஒருமுறை பயன்படுத்திய பீப்பாக்கள் அங்கே மிஞ்சுகின்றன. ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும் அப்பீப்பாக்கள் ஸ்கொத்லாந்து முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன. அங்கே விஸ்கி எனப் பெயர் பெறுவதற்கு மூன்றாண்டேனும் ஓக்கில் இருத்தல் வேண்டும். முதலாம் உலகப்போர்க் காலத்திலே, 1915 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்த ஈராண்டுக் கட்டாயம் மறு ஆண்டிலே மூன்றாண்டாயிற்று. உலகச் சந்தையிற் பழைய ஓக்குப் பீப்பாக்கள் உலாவுவதன் வரலாறு இதுவாம்.

நம் நாட்டிலோ தென்னஞ் சாராயத்துக்கு உரிய மரம் வேறு. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும், தமிழிற் சாவண்டலை என்றும் வழங்கும் மரம் அது. திருக்கோணமலை மரம் என்னும் பெயராற் பிறநாட்டாரும் அதனை அறிவர். ஈரத்தைத் தாங்கி நெடுங்காலம் உழைக்கும் அம்மரத்தாற் செய்த பெருந்தொட்டிகளிலே சாராயத்தை ஆண்டுக்கணக்கில் வைப்பது இலங்கை வடிசாலைகளின் வழக்கம். ஓக்கைப்போல அது வனிலா மணத்தை மிகுதியாக ஊட்டுவதன்று. மெல்லிய நிறமும் சாந்தமும் தருவது. தேங்காய் எண்ணெயைப் பீப்பாக்களிலே கப்பலேற்றிய காலமும், கேகாலை மாவட்டத்துப் போகல முதலிய சுரங்கங்களின் காரீயத்தைப் பீப்பாக்களில் அடைத்து ஏற்றுமதி செய்த காலமும் இருந்தன. ஆதலிற் பீப்பா நம்மவருக்குப் புதிய பொருளன்று. பீப்பாத் தச்சரே இன்று அருகிப் போயினர்.

வெறும் பீப்பா எரிந்தது எங்ஙனம்?

பெரியவரின் முதற் கேள்விக்கு விடை இது. பீப்பா வெறுமையாகத் தோன்றினும் வெறுமையன்று. பல ஆண்டுகள் சாராயத்தில் ஊறிய பலகை பல லீற்றர் சாராயத்தைத் தன்னுள் வைத்திருக்கும். அடைப்பானை இட்டு மூடியிருக்கும்போது அஃது ஆவியாகிப் பீப்பாவின் வயிற்றை நிரப்பும். காற்றிலே அற்ககோலாவி நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு முதல் 19 பங்கு வரை கலந்திருக்குமாயின், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். நூற்றுக்கு நாற்பது பங்கு அற்ககோலுள்ள சாராயம் ஏறத்தாழ 26 பாகைச் சதமவளவிலே தீப்பற்றத்தக்க ஆவியை விடும். கித்துல்கலவின் வெப்பமோ சாதாரணமாகவே அவ்வளவினது. நிறைந்த பீப்பாவிலே ஆவிக்கு இடம் குறைவு. வெறும் பீப்பாவிலே இடம் மிகுதி. எனவே நிறைந்ததிலும் வெறுமையே ஆபத்தானது.

இதனின்றும் பெறப்படும் விதி ஒன்றே: சாராயம் இருந்த பீப்பாவின் அருகே மெழுகுதிரி, தீக்குச்சி, சுருட்டு, கந்தகத்திரி எதுவும் வருதல் ஆகாது. உள்ளே பார்க்கவேண்டின் கைமின்விளக்கு உண்டு. அதனையும் துவாரத்தினுள் இடாது வெளியே பிடித்துப் பார்த்தலே நன்று. முதலில் நீரால் நிரப்பி ஆவியை வெளியேற்றிய பின்னரே பிற வேலைகளைத் தொடங்குதல் வேண்டும்.

வாங்குமுன் சோதித்தல்

பழைய பீப்பாவைப் பண்படுத்தும் வேலை அதனை வாங்குமுன்னரே தொடங்குகின்றது. முன்னர் அதில் இருந்தது யாது என்று கேட்டறிதல் வேண்டும். மருந்து, எண்ணெய், பூச்சு, பூச்சிகொல்லி என்பன இருந்த பாத்திரத்தை எவ்வளவு கழுவினும் உணவுக்கு ஆகாது. மரம் குடித்ததை மறப்பதில்லை.

அடுத்த கருவி மூக்கு. அடைப்பானை நீக்கியதும் இனிய மணம் வருமாயின் பீப்பா நலமுடையது. ஊசிப்போன காடிமணம் வருமாயின், அசற்றிக் அமிலத்தை ஆக்கும் பற்றீரியாக்கள் மரத்துட் குடிகொண்டன என்பது பொருள். அத்தகைய பீப்பா வைனுக்கு ஆகாது, காடிக்கு ஆகும். பூஞ்சண மணமும் அழுகல் மணமும் வீசுமாயின் எதற்கும் ஆகாது. அதனைப் பூந்தொட்டியாக்குவதே நலம்.

பின்னர், விலாப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தல் வேண்டும். ஊசித்துளை போன்ற துளைகளும் மாத்தூளும் காணப்படின் வண்டு துளைத்திருக்கின்றது. துளை ஒன்றிரண்டாயின் மரமுளையால் அடைக்கலாம். பலவாயின் விட்டுவிடுதல் வேண்டும். இரும்பு வளையங்கள் துருவால் மெலிந்திருப்பின் மாற்றுதல் வேண்டும். எக்காரணங் கொண்டும் பலகையிலே இரும்பாணி அறைதல் ஆகாது. கடுக்காய்ச் சாற்றிலே இரும்பு பட்டாற் கறுப்பாவதை நம் முன்னோர் அறிந்து சாயமிட்டனர். ஓக்கின் தனினும் அவ்வாறே இரும்போடு சேர்ந்து மைபோலக் கறுக்கும். உள்ளிருக்கும் பொருள் நிறமும் சுவையும் கெடும்.

வளையம் இறுக்கலும் நீரூட்டலும்

பீப்பா என்பது பசையும் ஆணியுமின்றி நிற்கும் கட்டடம். நடுப்புடைத்த விலாப்பலகைகளை வளையங்கள் நெருக்க, பலகைகள் நீரேறிப் பருத்து ஒன்றையொன்று தள்ள, அந்நெருக்கமே நீர் கசியாமற் காக்கின்றது. உலர்ந்த பீப்பாவிலே பலகைகள் சுருங்குகின்றன, வளையங்கள் தளர்கின்றன, அதனுட் பெய்த நீர் சல்லடையிற் பெய்த நீராகும். இதனைக் கண்டு பீப்பா பழுதென்று எறிந்தவர் பலர். அது பழுதன்று, தாகம்.

முதலில் வளையங்களை இறுக்குதல் வேண்டும். பீப்பாவை நிமிர்த்தி வைத்து, வளையத்தின் விளிம்பிலே மழுங்கிய உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி, வளையத்தைப் புடைத்த நடுப்பகுதியை நோக்கிச் செலுத்துதல் வேண்டும். ஓரிடத்திலேயே ஓங்கி அடியாது, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுதல் முறை. ஒரு முனை முடிந்ததும் கவிழ்த்து மறுமுனையையும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

அடுத்தது நீரூட்டல். நிமிர்த்திய பீப்பாவின் மேல்மூடிப் பலகையின்மீது, விளிம்புவரை நீர் விட்டு ஓர் இரவு வைக்க. மறுநாள் கவிழ்த்து மறுமூடிக்கும் அவ்வாறு செய்க. பின்னர், கொதிநீர் பத்துப் பதினைந்து லீற்றரை உள்ளே பெய்து, உருட்டிக் குலுக்கி, இரு முனைகளிலும் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, அந்நீரைக் கொட்டிவிடுக. குலுக்கும்போது உள்ளே ஆவி அழுத்தம் எழும். ஆதலின் அடைப்பானை இறுக அறையாது, முகத்தை விலக்கி மெல்லத் திறத்தல் வேண்டும்.

இறுதியாகக் குளிர்நீரால் நிரம்ப நிரப்பி, ஓரிரு நாள் விடுதல் வேண்டும். 200 லீற்றர் நீரின் நிறை 200 கிலோகிறாம். பீப்பாவின் நிறை வேறு. எனவே நிரப்புமுன்னரே உறுதியான மரத்தாங்கியின்மீது ஏற்றிவைத்தல் அறிவுடைமை. முதல் நாளிலே ஒழுகினாலும் அஞ்சவேண்டுவதில்லை. குறைந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்கப் பலகை பருத்துக் கசிவு நிற்கும். நீரை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். தேங்கிய நீர் நாறினால் மரமும் நாறும். மூன்று நாளின் பின்னரும் கசியும் இடம் இருப்பின், வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தித் தேன்மெழுகை அழுத்திப் பூசலாம்.

கழுவுதல்

நன்மணமுடைய பீப்பாவுக்கு வெந்நீரே போதும். பீப்பாவை நலமாக்குவோம் என்று வேண்டாத மருந்துகளை ஊற்றுவோர், மரத்திலிருந்த நல்ல பொருளையும் கழுவிக் கொட்டுவர்.

புளிப்போ படிந்த அழுக்கோ உள்ளதாயின் சலவைச்சோடா, அதாவது சோடியம் காபனேற்று, லீற்றருக்கு மூன்று கிறாம் அளவிற் கரைத்த வெந்நீரை இட்டு ஓரிரவு வைக்கலாம். நீர் தேயிலைச் சாயம்போல வெளிவரும்; அது தனின். அதன்பின் பலமுறை அலசி, லீற்றருக்கு ஓரிரு கிறாம் சித்திரிக் அமிலம் கரைத்த நீரால் எஞ்சிய காரத்தை நடுநிலையாக்கி, மீண்டும் தூய நீரால் அலசுதல் வேண்டும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடக்கும் என்று எட்டாம் வகுப்பிலே படித்தது இங்கே பயன்படும்.

இரண்டை விலக்குதல் வேண்டும். ஒன்று சவர்க்காரம், அதன் மணம் மரத்தை விட்டு நீங்காது. மற்றொன்று வெளிற்றுந்தூளும் குளோரீன் கலந்த பிற நீர்மங்களும். குளோரீன் மரத்திலுள்ள சேர்வைகளோடு கூடிய பின்னர், அவற்றைப் பூஞ்சணம் மாற்றியமைப்பதாற் பிறக்கும் பொருள், ஈரப்பாயின் நாற்றமுடையது. அப்பொருள் மிகச் சிறிய அளவிலேயே ஒரு பீப்பா முழுவதையும் கெடுத்துவிடும்.

சுரண்டலும் கரியிடலும்

ஒரு பீப்பாவை ஒருமுறை பயன்படுத்தினால், மரத்தின் மேற்படையிலிருந்த மணப்பொருளிற் பெரும்பங்கு முதலிருந்த சாராயத்தோடு சென்றுவிடும். பலமுறை பயன்படுத்தியது வெறும் பாத்திரமாகவே எஞ்சும். அதனைப் புதுப்பிக்கும் முறை, ஒருபக்க மூடியைக் கழற்றி, உட்புறத்தைச் சில மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி, புதிய மரத்தை வெளிப்படுத்தித் தீயில் வாட்டி, மீண்டும் கரியிடுதல். பீப்பா ஆலைகளிலே கரியிடும் பெருந்தீ ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே நிற்கும். பின்னர் நீர் தெளித்து அணைப்பர். இது கைதேர்ந்த பீப்பாத் தச்சரின் வேலை. சாராயம் ஊறிய மரத்திலே தீயை இடும் இவ்வேலையை வீட்டு முற்றத்தில் எவரும் செய்து பார்த்தல் ஆகாது. பொசுங்கிய புருவம் சாட்சி.

சிறு பீப்பாவே வீட்டுக்கு ஏற்றது என்பர். அதிலும் ஒரு கணக்கு உண்டு. 200 லீற்றர் பீப்பாவின் நீள அகலங்களைப் பாதியாக்கினாற் கொள்ளளவு எட்டிலொன்றாகி 25 லீற்றராகும், உட்பரப்போ நாலிலொன்றாகும். எனவே ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு இருமடங்கு. நிறமும் தனினும் விரைவில் ஏறும்; ஆனால் ஒட்சிசனும் காலமும் செய்யவேண்டிய வேலை விரைவுபடாது. சிறு பீப்பாவிலே சில திங்களில் நிறம் கறுத்ததைக் கண்டு முதிர்ந்தது என்று மயங்குதல், இளைஞன் மீசை ஒட்டிக்கொண்டதைக் கண்டு முதியவன் என்று வணங்குதல் போலும்.

மழைநாட்டில் முதிர்தல்

பீப்பாவினின்றும் ஆண்டுதோறும் ஆவியாய்ப் போகும் பங்கை ஸ்கொத்லாந்தர் ‘தேவதூதர் பங்கு’ என்பர். அந்தக் குளிர்நாட்டில் அஃது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. பெங்களூர் போன்ற வெப்ப நிலத்திலே பத்துக்கும் மேற்படும். கணக்கிட்டுப் பார்ப்பின், 200 லீற்றர் மூன்றாண்டிலே அங்கே ஏறத்தாழ 188 ஆகும். இங்கே 146 அளவாகக் குறைந்துவிடும்.

காற்றின் ஈரமும் வேலை செய்கின்றது. உலர்ந்த காற்றிலே நீர் மிகுதியாக ஆவியாகும்; எஞ்சிய சாராயத்தின் வன்மை கூடும். ஈரக்காற்றிலே நீர் வெளியேறுவது தடைப்பட, அற்ககோலே மிகுதியாகப் போகும், வன்மை குறையும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் கித்துல்கல இரண்டாம் வகையினது. அங்கே வைத்த பீப்பா அளவிலும் குறையும், வன்மையிலும் குறையும், வெளிப்புறத்திலே பூஞ்சணமும் பூக்கும்.

சட்டமும் கசிப்பும்

இத்துணையும் கூறியபின், பெரியவருடைய எண்ணத்தின் மறுபாதிக்கு வந்தோம். 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றிச் சாராயம் வடித்தல் இலங்கையிற் குற்றம். தன் மரத்துக் கள், தன் வீட்டுக் குடிப்பு என்பது விலக்காகாது. அவ்வாண்டளவிலேயே மதுவிலக்கு இயக்கமும் இந்நாட்டிற் பேரெழுச்சி பெற்றிருந்தது என்பதை வரலாறு கற்கும் மாணவர் அறிவர்.

சட்டத்தை ஒருபால் வைத்தாலும் இரசாயனவியல் விடுவதில்லை. கசிப்பினாற் பார்வை போவது பெரும்பாலும் மெதனோலினால். உடலிலே அது போமல்டிகைட்டாகவும் பின்னர்ப் போமிக் அமிலமாகவும் மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்குகின்றது. சீனிச்சாறு நொதித்தலிலே மெதனோல் மிகச் சிறிதளவே பிறக்கும். மரணத்தை விளைவிக்கும் அளவு பெரும்பாலும் காரம் ஏற்றுவதற்காக வேற்றுப்பொருள் கலத்தலால் வருவது. எவ்வாறு வந்தாலும், மெதனோல் எதனோலின் உடன்பிறப்பு போன்றது. நிறத்தாலும் மணத்தாலும் வேறு பிரித்தறிய இயலாது. கரிப்படலம் அதனைப் பிடித்து வைக்காது. ஓக்கு மரம் அதனை முறிக்காது. பத்தாண்டு வைத்தாலும் நஞ்சு நஞ்சே. நிறம் மட்டும் பொன்னாகும். பீப்பா நல்லதை மேலும் நல்லதாக்கும், தீயதை நல்லதாக்காது.

இதனைக் கேட்டதும் பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். “அப்படியானால் அண்ணன் குடித்ததைப் பீப்பாவில் வைத்திருந்தாலும்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நாமும் மறுமொழி கூறவில்லை; கூறவேண்டியிருக்கவில்லை.

பீப்பாவுக்கு வேறொரு வாழ்வு

பீப்பாவைப் பண்படுத்தும் உழைப்பு வீணாதல் வேண்டியதில்லை. கள்ளினாலே வினாகிரி என்னும் காடி ஆக்கலாம். கள் இறக்குதற்கும் காடி ஆக்குதற்கும் வேண்டிய அனுமதிகளை மதுவரித் திணைக்களத்திற் கேட்டறிந்து பெற்றபின், பின்வருமாறு செய்யலாம் என்று கூறினோம்.

நன்கு நொதித்துத் தீர்ந்த கள்ளை வடிகட்டி எடுத்தல் வேண்டும். பண்படுத்திய பீப்பாவைப் படுக்கையாகத் தாங்கியில் வைத்து, அரைப்பங்குக்குச் சிறிது மேலாக நிரப்புதல் வேண்டும். அதிலே நாலிலொரு பங்களவு, காய்ச்சாத உயிருள்ள காடியை உறைமோர் இடுவதுபோல இடுதல் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே இரு மூடிப்பலகைகளிலும் துவாரமிட்டு, ஈ புகாதவாறு மெல்லிய துணியாற் கட்டிவிடுதல் வேண்டும். சாராயப் பீப்பா அடைபட்டிருத்தல் வேண்டும். காடிப் பீப்பாவோ தாராளமாக மூச்சுவிடுதல் வேண்டும். அற்ககோலை அசற்றிக் அமிலமாக்கும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் உயிர். 25 முதல் 30 பாகை வெப்பம் அவற்றுக்கு உகந்தது. கித்துல்கலவிலே அது விலையின்றிக் கிடைக்கின்றது.

சில நாளில் மேற்பரப்பிலே ஏடு படரும். அதனைக் குலைத்தல் ஆகாது. சில வாரம் சென்றபின் அடியிலிருந்து நாலிலொரு பங்கை எடுத்து, அவ்வளவு கள்ளை நீண்ட குழாய்வழி ஏட்டின் கீழே மெல்லச் செலுத்தினாற் பீப்பா ஆண்டுக்கணக்கிற் பயன்தரும். கணக்குப்படி ஒரு கிறாம் அற்ககோல் 1.3 கிறாம் அமிலமாகும். செய்கையிற் சிறிது குறையும். எனவே நூற்றுக்கு ஐந்து பங்கு அற்ககோலுள்ள கள்ளே நல்ல காடிக்குப் போதுமானது. திறப்புக்குழாய் மரத்தாலோ துருவேறா உருக்காலோ ஆயிருத்தல் வேண்டும். பித்தளைக் குழாயை அமிலம் அரித்தாற் செம்பும் சிலபோது ஈயமும் உணவிற் கலக்கும். காடிக்கு இட்ட பீப்பாவைப் பின்னர் வேறெதற்கும் மாற்றுதல் கூடாது.

பெரியவர் அவ்வாறே செய்தார். அனுமதி பெறச் சில திங்கள் சென்றன. அந்நாட்களிற் பீப்பாவை உலரவிடாது, வாரந்தோறும் நீர் மாற்றிக் காத்தார். மறு ஆண்டிலே எம் வீட்டுக்கு ஒரு போத்தல் காடியும், அவருடைய மனைவியார் அக்காடியில் இட்ட அச்சாறும் வந்தன. அவருடைய புருவமும் அதற்குள் முளைத்திருந்தது.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது நம்மவர் பழமொழி. பாத்திரத்தின் குற்றத்தை அறிந்து கழுவுதலும், அதன் வன்மைக்கு எல்லை உண்டென்று அறிதலும் வேண்டுமென்பதைக் கித்துல்கலப் பீப்பா எமக்குக் கற்பித்தது. இன்று ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவர்களுக்கு நாம் கூறவிரும்புவதும் ஒன்றே: நீங்கள் அங்கே கற்கும் சிறு உண்மை என்றேனும் ஒருநாள் ஒருவருடைய கண்ணைக் காக்கும், கருத்தாய்க் கற்றுக்கொள்ளுங்கள்.